ஒத்திகையில் செத்தவர்

அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றித் திருப்பி வைத்த பிறகே உள்ளே நுழைவார். நுனி தெருவைப் பார்த்திருக்க வேண்டும். சைக்கிளும் அப்படித்தான். சுவரில் முட்ட நிறுத்த மாட்டார். பின்னால் தள்ளிக்கொண்டு போய், முன்சக்கரம் வெளியே பார்க்கும்படி ஸ்டாண்டு போடுவார். விமான நிலையத்தில் அவர் பொறுப்பில் இருந்த தீயணைப்பு வண்டி கொட்டகைக்குள் பின்பக்கமாகத்தான் போகும். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் டிரைவர்கள் முணுமுணுப்பார்கள். "உள்ளே போறதுக்கு என்னப்பா அவசரம்? வெளியே வர்றப்பதான் அவசரம்" என்பார். கோபமாக அல்ல, வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டே.

ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் முதல் பாதியிலும் நான் திருச்சி விமான நிலையத்தில் வானிலை பார்ப்பவனாக இருந்தேன். வெப்பமானியைப் படிப்பது, மழையை அளப்பது, பலூனைப் பறக்கவிட்டு மொட்டைமாடித் தொலைநோக்கியால் அதைப் பின்தொடர்ந்து மேலே காற்று எப்படி ஓடுகிறது என்று கணக்கிடுவது என் வேலை. அவர் தீயணைப்புப் பிரிவின் தலைவர். இருவருக்கும் வீடு ஸ்ரீரங்கத்தில், அடுத்தடுத்த தெருவில். ஆபீசர் என்றுதான் எல்லோரும் சொன்னோம். இங்கும் பெயர் வேண்டாம். தம்மைப் பற்றி யாரும் எழுதுவது அவருக்குப் பிடித்திருக்காது. எழுதினால் வழிமுறையை மட்டும் எழுதச் சொல்லியிருப்பார்.

லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். சதைப்பிடிப்பில்லாத உடம்பு. இடது புருவம் கிடையாது. யுத்த காலத்தில் ஏதோ ஒரு ராணுவ விமானத் திடலில் கருகியது, பிறகு முளைக்கவில்லை. அதனால் அவர் வியப்படைந்தால் முகத்தின் ஒரு பாதி மட்டும் வியப்படையும்.

டூட்டிக்கு வந்ததும் என் அறை வாசலில் நின்று, "காத்து எங்கேர்ந்து?" என்று கேட்பார். எரிகிற விமானத்தைக் காற்றுக்கு முதுகு காட்டித்தான் நெருங்க வேண்டும். எதிர்த்துப் போனால் தீயும் புகையும் முகத்தில் அடிக்கும். திசை காட்டும் காற்றுப் பை கண்ணெதிரில் தொங்குகிறதே, என்னை எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன் ஒரு நாள். "அது இப்ப இருக்கிறதைச் சொல்லும். நீங்க மத்தியானத்தைச் சொல்லுவீங்க" என்றார். அதன் பிறகு என் வேலையை நான் இன்னும் கொஞ்சம் ஒழுங்காகச் செய்தேன்.

யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்வி வரும். இந்தத் தெருவுக்குக் காவிரி வெள்ளம் வராது என்பார்கள். "வராது. வந்துட்டா?" இவ்வளவு பெரிய கல்யாணப் பந்தலில் தீ எங்கே பிடிக்கப்போகிறது என்பார்கள். "பிடிக்காது. பிடிச்சுட்டா?" சினிமாவுக்குப் போனால் விளக்கு அணையும் வரை திரைப் பக்கம் திரும்ப மாட்டார், எந்தக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள், எந்தக் கதவை மறித்து சோடாப் பெட்டி என்று பார்த்து முடித்த பிறகுதான் உட்காருவார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் எல்லோரும் சொர்க்கவாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் கூட்டம் எப்படிக் கலைந்து வெளியேறும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பெருமாளைச் சேவித்தீர்களா என்று கேட்டேன். "சேவிச்சேன். அவர் நிம்மதியாப் படுத்திருக்கார். நிக்கிற ஜனத்துக்குத்தான் வழி போதல" என்றார்.

நம் ஊரில் கெட்டதை வாயால் சொன்னாலே வந்துவிடும் என்ற பயம் உண்டு. விளக்கை அணை என்றுகூடச் சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். அப்படிப்பட்ட ஊரில், நாள் முழுவதும் கெட்டதையே பேசுவதற்குச் சம்பளம் வாங்கியவர் அவர். கல்யாணப் பத்திரிகை கொடுப்பவர்கள், வாங்க, ஆனால் எதையும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பாதி விளையாட்டு, பாதி நிஜம். விமான நிலையக் கேன்டீன் ஐயர் அவருடைய காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரை அதிகம் போடுவார். "வாயாவது இனிக்கட்டும். நல்லதாப் பேசுங்கோ" என்பார்.

அவர் பேசியதோடு நிற்கவில்லை. நிலையத்துக்குத் தெற்கே, வேலிக்கு அப்பால், கிராமத்து நிலங்கள். விமானம் அந்தப் பக்கம் போய் விழுந்தால் வண்டி வெளியேற ஒரு கேட்டும், அதிலிருந்து ஒரு கப்பிச் சாலையும் இருந்தன. அறுவடை வந்தால் அந்தச் சாலை முழுக்கக் கேழ்வரகும் கொள்ளும் பரப்பியிருப்பார்கள். கதிரில் சக்கரம் வழுக்கும், கொடி அச்சில் சுற்றிக்கொள்ளும். எச்சரிக்கைப் பலகை இருந்தது. பலகையின் மேல் வேட்டி காய்ந்தது. இவர் ஒரு நாள் ஊருக்குள் போய் உட்கார்ந்து பேசினார். தீயணைப்பு வண்டியைத் தினமும் காலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும், அது எங்கே ஓடினால் என்ன? அந்த ஊர்க்காரர்கள் கதிரை அடுத்த மாட்டுவண்டிப் பாதையில் பரப்பினால் வண்டி அங்கே வந்து ஓடும், சக்கரமே தானியத்தை உதிர்த்துக் கொடுக்கும். கேட்டுச் சாலை காலியாக இருக்க வேண்டும். மறுநாளே சிவப்பு வண்டி மணி அடிக்காமல், முன்னும் பின்னுமாக நகர்ந்து போரடித்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். அதன் பிறகு கேட்டுச் சாலையில் ஓர் ஆடு நின்றாலும் அந்த ஊர்ப் பெண்களே விரட்டினார்கள்.

ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒத்திகை.

மார்கழியில் ஏகாதசிக்காக யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் கூடுதல் விமானங்கள் வரும். அதற்கு முன்னால், கார்த்திகைக் கடைசியில், வருஷத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடத்துவார். திடலின் ஓரத்தில் இறக்கை கழற்றிய பழைய விமானம் ஒன்று கிடந்தது. அதற்குள்ளும் வெளியிலும் நிலையத்து ஊழியர்களைப் படுக்கவைத்து, பக்கத்தில் தகரத் தொட்டியில் கழிவு எண்ணெயைக் கொளுத்தி, மணி அடிக்கச் சொல்வார். தீயணைப்பு ஆட்கள் ஓடி வந்து எங்களைத் தூக்க வேண்டும். உள்ளே போகிற வழி ஒன்று, ஆளை வெளியே கொண்டுவருகிற வழி வேறு. இரண்டும் முட்டக் கூடாது. ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கும். கால் முறிவு, தீக்காயம், மயக்கம், இறந்தவர்.

முதல் வருஷம் மயக்கத்துக்குத்தான் போட்டி. நான் கால் முறிவு எடுத்துக்கொண்டேன். இறந்தவர் அட்டையை ஒருவரும் தொடவில்லை. ஆபீசர் அதைக் கேன்டீன் ஐயரிடம் நீட்டினார். "வேணும்னா ரெண்டு காலையும் முறிச்சுக்கறேன், இது மட்டும் வேண்டாம்" என்று ஐயர் இரண்டடி பின்னால் போனார். எல்லோரும் பிழைத்ததாக வைத்துக்கொண்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள்.

"பொணத்தைப் பார்த்தா நம்ம ஆள் நின்னுடுவான்" என்றார். "அவன் நின்னா உள்ளே இருக்கிறவனும் பொணம். தாண்டிப் போகப் பழகணும்."

பிறகு அந்த அட்டையைத் தம் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு, விமானத்தின் ஏணியடியில் புல்லில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார்.

மணி அடித்தது. தலைமைத் தீயணைப்பாளர் சின்னையா முதலில் ஓடி வந்தார். திருவெள்ளறைக்காரர், மூட்டை தூக்குகிற தோள், சாமி பக்தி அதிகம். ஏணிக்கு வந்தவர் நின்றார். குனிந்து ஆபீசரைத் தோளில் பிடித்துத் தூக்கப் போனார். பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"நான் செத்துட்டேன். போ."

"சார்..."

"செத்தவனுக்கு அவசரமில்ல சின்னையா. உள்ளே கத்துறான் பாரு."

உள்ளே கத்த வேண்டியவன் நான். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். சின்னையா அவரைத் தாண்டாமல், குழாயையும் தொட்டியையும் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் எங்களில் பாதிப் பேர் எரிந்துபோயிருப்போம் என்றார் ஆபீசர் பிறகு.

படுத்திருக்கும் பெரியவர்களைத் தாண்டினால் அவர்கள் ஆயுசு குறையும் என்பது சின்னையாவின் நம்பிக்கை. குழந்தையைத் தாண்டினால் வளராது என்றும், தெரியாமல் தாண்டிவிட்டால் அதே வழியில் திரும்பத் தாண்டினால் தோஷம் நீங்கும் என்றும் நம் வீடுகளில் சொல்வதை நானும் கேட்டு வளர்ந்தவன்தான். சின்னையா ஒரு நிபந்தனை வைத்தார். தாண்டுகிறேன், ஆனால் ஒத்திகை முடிந்ததும் நான் எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பத் தாண்டும் வரை நீங்கள் எழுந்திருக்கக் கூடாது. ஆபீசர் சிரிப்பார், அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்தார்.

"நியாயம்" என்றார்.

அது முதல் வருஷா வருஷம் அப்படியே நடந்தது. விசில் ஊதியதும் கால் முறிந்தவர்களும் தீக்காயக்காரர்களும் எழுந்து புல்லைத் தட்டிக்கொண்டு காப்பிக்குப் போவோம். அவர் மட்டும் கண்ணை மூடியபடி கிடப்பார். சின்னையா வந்து கை கூப்பிவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து தாண்டி, "எழுந்திருங்க சார்" என்பார். அதன் பிறகுதான் எழுவார். ஒரு முறை மதராஸிலிருந்து பார்வையிட வந்த மேலதிகாரி, அது என்ன என்று கேட்டார். அதுவும் திட்டத்தில் உள்ளதுதான் என்று ஆபீசர் பதில் சொன்னார். முகத்தில் சிரிப்பில்லை.

வீட்டில் அவ்வளவு எளிதாக முடியவில்லை. ஒத்திகை நாளில் அவர் முன்வாசல் வழியாக நுழையக் கூடாது. சாவு வீட்டிலிருந்து வந்தவரைப் போலக் கொல்லைப்பக்கம் போய், அவர் மனைவி அண்டாவில் வைத்திருக்கும் வெந்நீரில் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே வரலாம். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர். ஒரு ஒத்திகை நாள் சாயங்காலம் ஆபீசரோடு நானும் போயிருந்தேன். அவர் தலை துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா என்னைப் பார்த்து, அவருக்குக் கேட்கும்படி சொன்னார்:

"ஊருக்கெல்லாம் வந்துட்டா, வந்துட்டான்னு கேக்கிறாரே. இப்படிச் செத்துச் செத்துப் படுத்து ஒரு நாள் நிஜமாவே வந்துட்டா, நான் என்ன பண்ணுவேன்னு கேட்டாரா?"

எல்லாவற்றுக்கும் ஏற்பாடு வைத்திருந்தவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

சில வருஷங்கள் கழித்து, ஒரு மார்கழி மத்தியானம், அது வந்தது.

நான் மாடியில் பலூனைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து. இலங்கையிலிருந்து ஏகாதசி யாத்திரிகர்களை ஏற்றி வந்த விமானம் தரை தொட்டதும் ஒரு டயர் வெடித்தது. விமானம் பாதையை விட்டு விலகிப் புல்லில் இழுபட்டு, ஒரு பக்கத்து இறக்கை தரையில் உரச நின்றது. அந்தப் பக்கத்து எஞ்சினில் தீ. பலூனை விட்டுவிட்டுத் தொலைநோக்கியைக் கீழே திருப்பினேன். அன்றைக்கு மேல்காற்றுக் கணக்கு பாதியில் நிற்கிறது. என் டைரியில் அதற்குக் காரணம் எழுதவில்லை.

பின்பக்கமாக நுழைந்து நின்றிருந்த வண்டி ஒரே நேர்கோட்டில் வெளியே வந்தது. யாரும் சொல்லாமலே வாடைக்கு முதுகு காட்டி நின்றது. குழாய் விரிந்தது, நுரை பாய்ந்தது. கதவடியில் ஏணியைச் சாத்தி ஆபீசர்தான் முதலில் ஏறினார். கதவு நெளிந்து இறுகியிருந்தது. கம்பியால் நெம்பினார். அது திடீரென்று திறந்துகொள்ள, உள்ளே அடைபட்டிருந்த புகை ஒரு மூட்டையைப் போல அவர் மார்பில் மோதியது. பின்னால் விழுந்தார். குழாயின் பித்தளை இணைப்பில் தலை பட்டது. ஏணியடியில் மல்லாந்து கிடந்தார். கிட்டத்தட்ட அவர் ஒத்திகையில் படுக்கும் அதே மாதிரி. இந்த முறை சட்டைக் காலர் சிவந்துகொண்டே வந்தது.

சின்னையா அவருக்குப் பின்னால்தான் இருந்தார். அவர் யோசிக்காமல் பாய்ந்து ஏறினார் என்று பிறகு பலர் சொன்னார்கள். அது சரியல்ல. நின்றார். தொலைநோக்கியில் அவர் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் கீழே பார்த்தபடி நின்றார். பிறகு காலைத் தூக்கி, அவரைத் தாண்டி, ஏணியில் ஏறினார். பின்னால் வந்தவர்களும் தாண்டினார்கள்.

உள்ளே போன வழியில் யாரையும் திருப்பிக் கொண்டுவரவில்லை. தீயில்லாத பக்கத்து இறக்கையின் மேல் ஜன்னலைத் திறந்து, அதன் வழியாகவே எல்லோரையும் இறக்கினார்கள். சட்டை கருகியவர்கள், கை முறிந்தவர்கள், துளசி மாலையோடு ஒரு கிழவர், அழுகிற பிள்ளைகள். கடைசியாகச் சின்னையா அந்த இறக்கையிலிருந்து குதித்தார். ஒருவரும் சாகவில்லை. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி வண்டி ஆட்கள் ஏணியடிக்குப் போய் ஆபீசரைத் தூக்கினார்கள். சின்னையா விமானத்தைச் சுற்றிக்கொண்டு அங்கே ஓடி வந்தபோது வண்டி கிளம்பிவிட்டது.

அவர் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஒரு காது கேட்கவில்லை. எழுந்தால் தலை சுற்றியது. சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. விமான நிலையமே ஒவ்வொருவராக வந்து பார்த்துப் போனது. கேன்டீன் ஐயர் மைசூர்பாகு கொண்டுவந்தார். கேட்டுச் சாலை ஊரிலிருந்து ஒரு மூட்டை கேழ்வரகு வந்தது. சின்னையா மட்டும் வரவில்லை. சாயங்காலம் நான் போகும்போதெல்லாம் ஆபீசர் நல்ல காதை என் பக்கம் திருப்பி இரண்டு கேள்வி கேட்பார். "காத்து எங்கேர்ந்து?" அப்புறம், "சின்னையா வரலியா?"

நான் கொட்டகைக்குப் போய்ச் சின்னையாவைக் கேட்டேன். குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"எந்த முகத்தோட வருவேன் சார்? செத்துட்டார்னு நெனச்சுத்தான் தாண்டினேன். உசிரு இருந்திருக்கு. திரும்பத் தாண்டறதுக்குள்ள வண்டியில ஏத்திட்டாங்க. அதான் அவரால எழுந்து நிக்க முடியல."

தலையில் அடிபட்டால் காதுக்குள் இருக்கும் சமநிலை கெடும் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். அதைச் சின்னையாவிடம் சொல்ல வாயெடுத்தேன். வாங்க, போவோம் என்று மட்டும் சொல்லி, கையோடு பஸ் ஏற்றி ஸ்ரீரங்கம் கூட்டிவந்தேன்.

ஆபீசர் சாய்வு நாற்காலியில் இருந்தார். அக்கா உள்கதவைப் பிடித்தபடி நின்றார். சின்னையா உட்காரவில்லை. நலம் விசாரிப்பதற்குள் ஆபீசர் கேட்டார்:

"நான் விழுந்தப்புறம் என்ன பண்ணினே?"

சின்னையா அக்காவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"தாண்டினேன் சார்."

"நின்னியா?"

"கொஞ்சம் நின்னேன்."

"நிக்கக் கூடாது" என்றார் ஆபீசர். சொன்ன பிறகு அவருடைய அந்த ஒற்றைப் புருவம் மேலே ஏறியது, வெகுநேரம் இறங்கவேயில்லை.

அக்கா உள்ளே போனார். தம் புருஷனை ரத்தத்தோடு விட்டுவிட்டுத் தாண்டிப் போனவன் கூடத்தில் நிற்கிறான். அவர் திரும்பி வந்து போகச் சொன்னால், தவறென்று சொல்ல எனக்கு வாயில்லை. திரும்பி வந்தபோது கையில் கோரைப்பாய் இருந்தது. கூடத்தின் நடுவில் விரித்தார். கிழக்கே தலை வரும்படி தலையணை போட்டார்.

"படுங்க" என்றார் கணவரிடம்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, மெல்ல உட்கார்ந்து, மல்லாந்து படுத்து, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்னிக்கு எந்தப் பக்கமா இருந்து தாண்டினீங்க தம்பி?"

சின்னையா கையால் காட்டினார். அக்கா எதிர்ப்பக்கம் இருந்த நாற்காலியைத் தள்ளி வழிவிட்டார்.

"அப்ப இங்கேர்ந்து தாண்டுங்க."

சின்னையா கை கூப்பினார். தாண்டினார். அப்புறம் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை; சுவர்ப் பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றார். ஆபீசரோ, சொல்லாமல் எழுந்திருக்கிறவர் அல்ல. கண்ணை மூடியபடி காத்துக் கிடந்தார். தெருவில் ஒரு ஜட்கா வண்டி போகிற சத்தம் வந்து தேய்ந்தது.

கடைசியில் அக்காதான் சொன்னார்.

"எழுந்திருங்க."

எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அதை அப்படியே எழுதுவதுதான் சரி. ஆனால் எழுந்தார். அன்று அக்கா யாருக்கும் வெந்நீர் வைக்கவில்லை. எல்லோருக்கும் காப்பி போட்டார்.